தொடக்கத்தைப் பார்த்து வந்து சொன்னவர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிறகு எழுதியதெல்லாம் கடைச் சாமான் துண்டும், ஊருக்குப் போட்ட நாலைந்து கடிதமும்தான். இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்னுக்கு வர வேண்டியது பின்னுக்கு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது 2009ஆம் ஆண்டு நடந்தது. எனக்கு அறுபத்திரண்டு வயது. லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் மகளோடு இருந்தேன். ஆற்றுக்குத் தெற்கே, லூயிஷாமுக்குப் போகிற ரயில் பாதையில், ஒரு சின்னத் தியேட்டர் இருந்தது. அதில் பகல் ஷிப்டில் துப்புரவு வேலை. இரண்டே மண்டபம். தமிழ் ஆட்கள் நாலு பேர் வேலை செய்தோம்.

அந்த வேலையின் விதம் இப்படி. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கக் கால் மணித்தியாலம்தான் இடைவெளி. அதற்குள் கதிரைகளுக்குக் கீழே கிடக்கிற பொப்கோர்னைக் கூட்டி, ஊற்றிய சோடாவைத் துடைத்து, கறுப்புப் பையைக் கட்டி வெளியே எடுக்க வேண்டும். அதனால் படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே உள்ளே போய், பின்சுவரோடு இருட்டில் நின்றுவிடுவோம். வெளிச்சம் வந்த அந்தக் கணமே கூட்டத் தொடங்குவோம். ஆறு வருஷம் அங்கே வேலை செய்தேன். எத்தனையோ படம் பார்த்தேன், எல்லாம் கடைசிப் பத்து நிமிஷம். ஆர் செத்தது என்று தெரியும், ஏன் செத்தது என்று தெரியாது. கட்டிப்பிடித்து அழுவார்கள். என்ன கோபத்தில் பிரிந்திருந்தார்கள் என்று தெரியாது.

எங்கள் நாலு பேரில் பெரிய வாய், லண்டனிலேயே குட்மேய்ஸ் என்ற இடத்தில் இருந்து வேலைக்கு வந்தவளுக்கு. ஊரில் யாழ்ப்பாணத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும், சிரிக்கச் சிரிக்கக் கதைப்பாள். ஆரையாவது வைத்துத்தான் சிரிப்பாள். இன்னொருத்தி இளம் பிள்ளை, குட்மேய்ஸ்காரி சிரித்தால் சிரிப்பாள். மூன்றாவது நான். சுப்பவைசர் இங்கிலீஷில் என்ன கேட்டாலும் யெஸ் என்று சொல்லித் தலையாட்டுவேன். குட்மேய்ஸ்காரி அதை நடித்துக் காட்டுவாள். என்னை "எங்கட ஊமை அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

நாலாவது ஆள் ஒரு மன்னார்க்காரர். ஐம்பத்தெட்டு வயது. பதினைந்து வருஷம் ஹொலண்டில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். கலியாணம் செய்யவில்லை. மூன்று தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்ததில் வயது போய்விட்டது என்று சொல்வார். நாங்கள் வேதக்கோயிலில் போகிற தமிழ்ப் பூசைக்கு அவரும் வருவார். பெரிய வெள்ளியன்று மாதாவின் புலம்பலைப் பாடுவது அவர்தான். மகனைப் பறிகொடுத்த தாய் அழுகிற பாட்டு. அவர் பாடினால் ஆம்பிளைகளும் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். வருஷம் முழுக்க வாளி தூக்குகிற மனிதர், அந்த ஒரு நாளைக்குத்தான் ஆளாக நிற்பார். அதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம்.

அந்த வருஷம் வன்னியில் சண்டை உச்சத்தில் நடந்துகொண்டிருந்தது. அவருடைய கடைசித் தங்கச்சி உள்ளே அகப்பட்டிருந்தாள். தை மாதத்தோடு தொலைபேசி நின்றுவிட்டது. "இந்த முறை அவளுக்கும் சேர்த்துப் பாடப்போறன் அக்கா" என்று என்னிடம் சொன்னார். அதற்காகத் தொண்டையைக் காத்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீர்கூடக் குடிக்காமல் திரிந்தார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிய கிழமையில் தியேட்டரில் ஒரு வரிசைப் படம் போட்டார்கள். நாலு பாகம். ஆம்பிளையும் ஆம்பிளையும் விரும்புகிற பகிடிப் படம், சனத்தைச் சிரிக்க வைக்கிறது. கட்டில் சங்கதிகளும் ஒளிப்பில்லாமல் வரும். புதனும் சனியும் மத்தியானம், ஒரு பாகம் இரண்டு கிழமைக்கு ஓடும், பிறகு அடுத்தது. சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்ததுமே குட்மேய்ஸ்காரி கையெடுத்துச் சிலுவை போட்டாள்.

"நான் அந்த ஹோலுக்குள்ள கால் வைக்க மாட்டன். தபசு காலம். ஊமை அக்கா போகட்டும். அவவுக்கு இங்கிலீசும் விளங்காது, பாவமும் ஒட்டாது."

அப்படித்தான் புதன்கிழமைகளில் அந்த மண்டபம் எனக்கும் மன்னார்க்காரருக்கும் வந்தது. சனிக்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் லீவு. அன்றைக்கு அதை வேறு ஆட்கள் கூட்டினார்கள்.

முதல் நாள் கொஞ்ச நேரம் நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. உடுப்பில்லாத இடம் வந்ததும் கறுப்புப் பையை விரித்து அதற்குள் எதையோ தேடுவது போல நின்றேன். பக்கத்தில் அவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லமாக, "முடிஞ்சுது அக்கா, நிமிருங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படத்தில் ஒரு கட்டையன். தலைமயிர் வெட்டுகிறவன். மற்றவன் நெட்டையன், தபால்காரன். கட்டையன் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பான். கதிரையில் முட்டினால் கதிரையிடமும் கேட்பான். அவனைப் பார்க்க எனக்கு என்னைப் பார்ப்பது போல இருந்தது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. என்ன சொன்னான் என்று கண்ணாலே கேட்டேன். மன்னார்க்காரர் என் காதுப் பக்கம் குனிந்து சொன்னார்.

"அவன் சொல்லுறான், உன்ர கொம்மா என்னை முறைச்சுப் பாக்கிற அளவுக்குக்கூட நீ என்னைப் பாக்கிறாய் இல்லையே எண்டு."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நெட்டையனுடைய காதில் ஒரு பெரிய பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. கட்டையன் அந்தப் பிளாஸ்டருக்கு முத்தம் கொடுத்தான், படம் முடிந்தது.

அந்தப் பிளாஸ்டர் என் மனதை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் போகும்போதும் யோசனை, பருப்புக் கழுவும்போதும் யோசனை. ஆறு வருஷமாக முடிவுகளை மட்டுமே பார்த்தேன். ஒன்றுக்கும் தொடக்கம் கேட்டதில்லை. இதற்கு மட்டும் கேட்க ஆசை வந்தது. அடுத்த நாள் மொப் பிழியும்போது, ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "தம்பி, அவன்ரை காதில என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாது அக்கா. நானும் கடைசிதானே பாத்தனான்."

"ஆரையும் கேட்டுச் சொல்ல ஏலாதோ?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆரைக் கேக்கிறது? தபசு காலம் அக்கா" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "சரி, பாப்பம்" என்றார்.

வேலை ஆட்கள் படம் தொடங்கும்போது உள்ளே நிற்கக்கூடாது என்பது சட்டம். அவர் சட்டம் மீறுகிற ஆள் இல்லை. லீவு நாளில், தன் கைக்காசில் டிக்கெட் எடுத்து, ஆட்களோடு ஆளாகப் போய் இருந்து பார்த்திருக்கிறார். அடுத்த புதன்கிழமை கதிரைக்கு இடையில் கூட்டிக்கொண்டே எனக்குச் சொன்னார். தபால்காரன் தலைமயிர் வெட்ட வந்து இருக்கிறான். கட்டையன் வெட்கத்தில் கை நடுங்கி அவன் காதைக் கத்தரித்துவிடுகிறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். அங்கே நர்ஸ் இரண்டு பேரும் புருசன் பெண்சாதியாக்கும் என்று நினைத்து, ஒரே கட்டிலைக் கொடுத்துவிடுகிறாள். மன்னார்க்காரர் நர்ஸாக நடித்தார், தபால்காரனாக நடித்தார், மொப் கட்டையைக் கத்தரிக்கோலாகப் பிடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தார். "ஐயோ தொண்டை அக்கா, தொண்டை. இப்படிச் சிரிச்சால் பாட்டுக்குக் கூடாது" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தை மாதத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் முதல் தடவை பார்த்தது அதுதான்.

இரண்டாம் பாகத்துக்கும் அப்படியே போய்ப் பார்த்து வந்து சொன்னார். எனக்கு அந்தப் புதன்கிழமைகள் எப்போது வரும் என்று இருந்தது. மூன்றாம் பாகத்தில் கட்டையன் ஒரு கலியாண வீட்டில் கேக் வைத்த மேசைக்குக் கீழே ஒளித்திருந்தான். ஏன் ஒளித்தான் என்று நான் கேட்கவே இல்லை. "சனிக்கிழமை பாத்திட்டு வந்து சொல்லுறன்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை குட்மேய்ஸ்காரிக்கு ஷிப்ட் இருந்தது. வாசலைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம். மொப்பும் வாளியும் வைக்கிற அறைதான் எங்களுக்குச் சாப்பிடுகிற இடமும். குட்மேய்ஸ்காரி பெட்டியைத் திறந்துகொண்டே தொடங்கினாள்.

"அண்ணை, சனிக்கிழமை எங்க போனனீங்கள்?"

"ஏன் பிள்ளை?"

"சும்மா கேட்டனான். அயன் பண்ணின சேட்டு, வாரின தலை. நான் நினைச்சன் பொம்பிளை பாக்க வெளிக்கிட்டிட்டார் எண்டு." மற்றவள் அதற்கே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். "பேந்து பாத்தால் ரெண்டாம் ஹோலுக்குள்ளால வாறார். கையில டிக்கெட். முன்னுக்கும் பின்னுக்கும் தோடு போட்ட வெள்ளைக்கார ஆம்பிளையள், நடுவில எங்கட அண்ணை."

"சீ, மெய்யே?"

"மாதாவாணை. இறைச்சி தொடமாட்டாராம், தபசாம். அங்க போய் உரிச்சுத் தொங்கவிட்டதைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஒரு படம் பாத்தன் பிள்ளை. அதுக்கு இப்ப என்ன?"

"அதுக்கு ஒண்டும் இல்லை அண்ணை. ஐம்பத்தெட்டு வயசாகியும் ஏன் ஒருத்தியும் அம்பிடேல்லை எண்டு இவ்வளவு நாளும் மண்டையைப் போட்டு உடைச்சனான். பாவம், தங்கச்சிமாரிலை பழியைப் போட்டிட்டீங்கள்."

தங்கச்சி என்ற சொல் வந்ததும் அவர் முகம் மாறியது. பிறகு என்னைப் பார்த்தார். கெஞ்சிப் பார்க்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினார், அவ்வளவுதான். "நான்தான் கேட்டனான்" என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற கதை. ஆனால் அதைச் சொன்னால், அந்தப் படத்தின் தொடக்கத்தைக் கேட்டு அலைந்தவள் நான் என்று ஆகும். அடுத்த ஒரு வருஷத்துக்குக் குட்மேய்ஸ்காரி என்னை வைத்துச் சிரிப்பாள். கோயிலிலும் சொல்வாள். மகளின் காதுக்கும் போகும்.

குட்மேய்ஸ்காரி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. அந்த இருட்டுக்குள்ள உவரோட நிக்கிறது நீங்கள்தானே. உங்களைத் திரும்பிப் பாத்தவரோ?"

நான் சொன்னேன்: "என்னைப் பாக்க அவருக்கு எங்க நேரம்? அவரின்ர கண் முழுக்க அங்கயெல்லோ."

நான் வாய் திறப்பேன் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பிறகு அப்படி ஒரு சிரிப்பு. மற்றவளுக்குச் சோறு புரைக்கேறிவிட்டது. குட்மேய்ஸ்காரி என் தொடையில் அடித்து, "ஊமை அக்கா வாய் திறந்தாலும் திறந்தா, என்ன வெட்டு வெட்டினா!" என்றாள். தன் பெட்டியில் இருந்து பொரித்த மீன் துண்டு ஒன்றை எடுத்து என் சோற்றில் வைத்தாள். ஆறு வருஷத்தில் அவள் எனக்கு ஒன்று தந்தது அதுதான் முதல் தடவை. நான் அதைச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

மன்னார்க்காரர் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

அந்தப் புதன்கிழமை அவர் பின்சுவரின் மற்ற மூலையில் நின்றார். மண்டபம் சிரித்தது. கட்டையன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை.

கதை அதற்குள் கோயிலுக்குப் போய்விட்டது. நான் சொன்ன பகிடியும் சேர்ந்துதான் போனது. "கூட வேலை செய்யிற அக்காவே சொன்னவ, அவ பொய் சொல்லாத மனிசி" என்று. வாயே திறக்காதவள் சொன்னால் சும்மா இராது என்று எல்லோரும் நம்பினார்கள். பெரிய வெள்ளிக்கு முந்திய குருத்தோலை ஞாயிறு, பூசை முடிந்த பின்னேரம், கோயில் குழுவில் இருந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. பெரிய வெள்ளிக்கு ஆர் பாடுறது எண்டு இண்டைக்கு முடிவெடுக்க வேணும். சனம் பலதும் கதைக்குது. மாதாவின்ர பாட்டு. கண்ட கண்ட வாயால பாடினால் சனம் ஏற்றுக்கொள்ளாது. நீங்கள் கண்ணால கண்டதைச் சொல்லுங்கோ."

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன்.

"அப்ப சனம் சொல்லுறது பொய்யோ?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன்.

"பொய் எண்டு சொல்ல உங்களால ஏலாது, என்ன? சரி அக்கா, விளங்குது." அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

மகள் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அம்மா, நீங்களும் அந்தப் படம் ஓடேக்க உள்ளுக்கு நிக்கிறனீங்களோ? சீ" என்றாள். அந்த ஒரு "சீ"யைத் தாங்கவே எனக்கு ஏலாமல் இருந்தது. அவர் அதைப் போல எத்தனை வாங்கினாரோ.

பெரிய வெள்ளியன்று கோயில் நிறைந்த சனம். அந்த வருஷம் அழுவதற்கென்றே வந்தவர்கள் பாதி. ஒவ்வொருவருக்கும் வன்னியில் ஆரோ ஒருவர். பாடுவதற்கு வேறு ஒரு ஆளை விட்டிருந்தார்கள். போட்டோக் கொப்பித் தாளைப் பார்த்து, மூச்சு எங்கே விடுவது என்று தெரியாமல் பாடினார். ஒருத்தரும் அழவில்லை. பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு தாய், மகனைப் பற்றி இரண்டு மாதமாகச் செய்தி இல்லாதவள், திரும்பித் திரும்பிப் பின்னுக்குப் பார்த்தாள். மன்னார்க்காரர் கடைசி வாங்கில் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். சனம் சுவரோடு நெருக்கிக்கொண்டு நின்றது. அவருக்கு இரண்டு பக்கமும் இடம் வெறுமையாகக் கிடந்தது. பாட்டு முடியும்வரை அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.

பிறகு சிலுவையை முத்தி செய்கிற, முத்தமிடுகிற நேரம். இரண்டு சிலுவைக்கு இரண்டு வரிசை விட்டார்கள். ஒருவர் முத்தி செய்ததும் பக்கத்தில் நிற்கிறவர் துணியால் துடைப்பார், அடுத்தவர் குனிவார். அவர் நின்ற வரிசையில் பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ளி நான் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற குட்மேய்ஸ்காரி, "உவர் வாய் வைச்சதிலயோ?" என்று சொல்லிவிட்டு மற்ற வரிசைக்கு மாறினாள். அவளுக்கு முன்னால் நின்றவர்களும் எனக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக மாறினார்கள். தாய்மார் பிள்ளைகளைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பார்த்தால் அவருக்குப் பின்னால் நான் மட்டும்தான்.

நானும் மாறினேன்.

அவர் முத்தி செய்து எழும்பித் திரும்பும்போது அவருடைய வரிசையில் ஒருவரும் இல்லை. மற்ற வரிசையில் என்னைக் கண்டார். துடைக்கிறவர் சிலுவையை ஒரு தரம் துடைத்தார். பிறகு இன்னொரு தரம் துடைத்தார்.

அதற்கு அடுத்த புதன்கிழமை நாலாம் பாகம் ஓடியது. வெளிச்சம் வந்ததும் அவர் தன் பக்கத்து வரிசைகளைக் கூட்டினார், நான் என் பக்கம் கூட்டினேன். நடுவில் சந்தித்தபோது அவர் விளக்குமாற்றை நிறுத்தினார்.

"அக்கா, அண்டைக்குப் பாத்ததை உங்களுக்கு இன்னும் சொல்லேல்லை."

"தம்பி, அது வேண்டாம்..."

"கேட்டனீங்கள். பாத்திட்டன். சொல்ல வேணும்."

சொன்னார். கட்டையன் அந்தக் கலியாணத்துக்கு ஏன் போனான், மணப்பெண் ஆர், நெட்டையனின் தாய் எப்படி அவனைக் கண்டுபிடித்தாள், ஏன் மேசைக்குக் கீழே போய் ஒளித்தான், எல்லாம் முதலில் இருந்து கடைசிவரை. கை அசையவில்லை. ஒரு குரலும் மாறவில்லை. கோயில் அறிவித்தல் வாசிப்பது போல வாசித்தார். நல்ல பகிடியான கதை. நான் கறுப்புப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடித்ததும், "இனி உங்களுக்குச் சொல்ல என்னட்டை ஒண்டும் இல்லை. மற்றதை நீங்களே போய்ப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமையோடு வேலையை விட்டார். ஹொலண்டுக்கே திரும்பிவிட்டார் என்று ஒருத்தர் சொன்னார். லூயிஷாம் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டு நின்றதைக் கண்டதாக இன்னொருத்தர் சொன்னார். நான் தேடிப் போகவில்லை. வைகாசியில் சண்டை எல்லாம் முடிந்தபோது அவருடைய தங்கச்சியின் செய்தி வந்ததா, என்ன செய்தி வந்தது, தெரியாது. அவர் அப்படிப்பட்டவரா, இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது. அந்தக் கட்டையனை நானும்தான் விரும்பினேன். என்னை ஒருவரும் வரிசையில் விட்டு விலகவில்லை.

குட்மேய்ஸ்காரி அதற்குப் பிறகு என்னை ஊமை என்று கூப்பிட்டதில்லை. நாலாம் பாகம் எப்படித் தொடங்குகிறது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இதில் பிழைகள் இருக்கலாம். கேக் மேசை மூன்றாம் பாகத்திலா, இரண்டாம் பாகத்திலா என்று ஒரு சந்தேகம் உண்டு. நாலாம் பாகம் ஓடியது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய புதனா, பிந்திய புதனா என்றும் ஒருக்கால் பார்க்க வேண்டும். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அந்தத் திங்கட்கிழமை அறையில் எங்களோடு இருந்த இளம் பிள்ளை இதை வாசித்தால், அவவிடமும் ஒன்று கேட்கிறேன். நான் சொன்னது மேலே எழுதிய அந்த ஒரு வசனம் மட்டும்தானா, அல்லது அதற்குப் பிறகும் இன்னும் ஏதாவது சொன்னேனா? எல்லோரும் இரண்டு தரம் சிரித்ததாக எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. இரண்டாம் தரம் எதற்குச் சிரித்தீர்கள் என்று தெரிந்தால் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.